பிள்ளை வண்டிலுக்கு எத்தனை சில்லு?

"பிள்ளையை வண்டிலில வைச்சுத் தள்ளிக்கொண்டு போக, அது என்ன சந்தைச் சாமானோ?"

அம்மா இதைச் சண்டைக்குக் கேட்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டு, நிமிர்ந்தும் பாராமல் கேட்டுவிட்டு அடுத்த பிடியைக் கையில் எடுத்தார். நான்தான் அந்தக் கேள்வியைக் காவிக்கொண்டு திரிந்தேன். வேலைக்குப் போகிற பஸ்ஸிலும் அதுதான், பிள்ளையை ஏணையில் ஆட்டும்போதும் அதுதான். பதில் இல்லாமல் இல்லை. மகளுக்கு 11 மாதம், 9 கிலோ. அம்மாவுக்கு நாரிப்பிடிப்பு. இவருக்கு வவுனியாவில் வேலை, வெள்ளி இரவுதான் வீட்டுக்கு வருவார். பகலில் பிள்ளையைப் பார்க்கிறது அம்மா. கிளினிக் நடக்கிற தூரம், வைரவர் கோயில் அதைவிடக் கிட்ட. ஆனால் இடுப்பில் 9 கிலோவும் கையில் குடையுமாக ஒன்பது மணி வெயிலுக்குள் இறங்கினால் எந்தத் தூரமும் கிட்ட இல்லை. எல்லாவற்றுக்கும் ஓட்டோ பிடித்துக் கட்டாது. ஸ்கூட்டியில் பிள்ளையோடு தனியப் போக எனக்குத் துணிவு வரவில்லை. இரண்டு கையும் ஹாண்டிலில் இருந்தால் பிள்ளையை எந்தக் கையால் பிடிக்கிறது? இவ்வளவையும் அம்மாவிடம் சொல்லலாம். சொன்னாலும் அவர் கேட்டதற்கு அது பதிலாகாது என்று மனதுக்குள் ஒரு அரிப்பு இருந்துகொண்டே இருந்தது.

யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரில் கைப்பிள்ளைகள் எப்படிப் போய்வருகிறார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மோட்டச்சைக்கிளில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நசிந்துகொண்டு போகும். ஸ்கூட்டியில் முன்னால் நின்று கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு போகும். அதைப் பார்த்து ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. அதே பிள்ளையை ஒரு வண்டிலில் படுக்கவைத்து ஒழுங்கையால் மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனால் மதிலுக்கு மேலால் தலைகள் எழும்பும். "ஆர், வெளியிலயிருந்து வந்திருக்கினமோ?" பிள்ளை வண்டில் என்றால் அது ஓகஸ்ட் மாதச் சாமான். நல்லூர்க் கொடியேற்றத்தோடு வந்து, தேர் தீர்த்தம் முடியப் பெட்டிகளோடு திரும்பிப் போய்விடும். திரும்பிப் போகாதவை அலுமாரிக்கு மேல் பொலித்தீன் சுற்றிக் கிடக்கும். எங்கள் வீட்டிலும் ஒன்று அப்படித்தான் கிடந்தது.

அலுமாரிக்கு மேல் கிடந்தது

லண்டனிலிருந்து வந்த மச்சாள் விட்டுவிட்டுப் போனது அது. நாலு சில்லு, குடைபோல மடங்குகிற வகை. தூக்கிப் பார்த்தால் பிள்ளையை விடப் பாரம் குறைவு. இந்த மடிப்புக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, எனக்குப் பிடித்த கதை. ஓவன் மக்லாரன் என்ற ஆங்கிலேய எஞ்சினியர், இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் சண்டை விமானத்தின் சில்லுப் பகுதியில் வேலை செய்தவர். விமானம் எழும்பிய பிறகு சில்லும் காலும் மடங்கி உள்ளே போகவேண்டும், இறங்கும்போது விரிந்து பூட்டிக்கொள்ள வேண்டும். ஓய்வுக்குப் பிறகு, பேரப்பிள்ளையோடு வந்த மகள் பாரமான வண்டிலோடு படுகிற பாட்டைப் பார்த்து, அதே மூளையை அதற்குள் செலுத்தினார். 1965 இல் காப்புரிமைக்குப் பதிந்தார். அலுமினியக் குழாய், 3 கிலோவுக்கும் குறைவு, ஒரு கையால் மடக்கலாம். வீட்டுக்கு வந்த பேரப்பிள்ளையால் ஒரு சாமான் பிறந்ததென்பது எங்கள் ஆட்களுக்கு நன்றாகவே விளங்கக்கூடிய கதை என்று நினைத்து அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"ஆர், பொம்பர்க்காரனோ?"

குண்டு போடுகிற பொம்பர் இல்லை அம்மா, சண்டை விமானம், அதுவும் வேறை சண்டை என்று நான் விளக்க வெளிக்கிட, அவர் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார்.

வண்டிலைத் துடைத்துக் கறள் எடுத்து ஒழுங்கைக்குள் இறக்கினேன். லண்டன் நடைபாதைக்கும் பேரங்காடித் தரைக்கும் செய்த சாமான் அது. எங்கள் ஒழுங்கை பலாலி வீதியிலிருந்து பிரிகிற இடத்தில் தார், நாலு வீடு தாண்ட உடைந்த தார், பிறகு கிரவல், கடைசியில் வெறும் செம்மண். முன்னால் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்தில் இரட்டைச் சில்லு. உடைந்த தாரில் ஒரு பக்கச் சில்லு குழிக்குள் இறங்க மற்றப் பக்கம் மேலே நின்றது, வண்டில் குறுக்காக முறுகியது. கிரவலில் சில்லுக்கு நடுவே கல் போய் இறுகிக்கொண்டது. செம்மண்ணில் சில்லு உருளவேயில்லை, உழுதது. மகளுக்கு அது நல்ல விளையாட்டு. எனக்குத் தோள்மூட்டு கழன்றது. முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு பின் சில்லில் தள்ளினால் ஓடும். அப்படித் தள்ளிக்கொண்டு போனபோதுதான் ஒன்று பிடிபட்டது. முன்னால் சில்லு குறையக் குறைய இந்த மண்ணுக்குச் சுகம்.

மூன்று சில்லு

வீட்டில் முக்காலி பாவித்த எவருக்கும் இது தெரியும். நாலு கால் மேசை சமமில்லாத நிலத்தில் ஆடும், முக்காலி ஆடாது. மூன்று புள்ளி எப்போதும் ஒரே தளத்தில் அமரும், நாலாவது வந்தால்தான் ஒன்று அந்தரத்தில் நிற்கத் தொடங்கும். மூன்று சில்லு வண்டிலில் எந்தக் குழிக்குள்ளும் மூன்றும் நிலத்தைத் தொட்டபடிதான் போகும். கைபிடியைக் கொஞ்சம் அமத்தினால் முன் சில்லு எழும்பிவிடும், கேற் வாசலின் படியை ஏறலாம். சில்லு பெரிதாக இருந்தால் சின்னக் குழிகளை அது குழியாகவே கணக்கெடுக்காது. இதெல்லாம் படித்த பிறகு, வீட்டில் எல்லோருக்கும் முன்னால் "மூண்டு சில்லு வாங்குவம்" என்று அறிவித்தேன். இவர் தொலைபேசியில் சிரித்தார்: "ஓட்டோ வாங்கப்போறியோ?"

மூன்று சில்லு என்றாலே நல்லது என்றும் இல்லை. நகரக் கடைகளில் பார்த்தவற்றில் பல, நாலு சில்லு வண்டிலின் முன்னால் இரண்டையும் கழற்றிவிட்டு நடுவில் ஒன்றைக் கொளுவியது போல இருந்தன. சில்லு அதே பிளாஸ்டிக், அதே சின்ன அளவு, தோற்றம் மட்டும் பந்தயக்காரத் தோற்றம். அவற்றை வாங்குவதற்கு மச்சாளின் வண்டிலே போதும். இன்னொரு பக்கம், மூன்று சில்லுக்கென்று ஒரு குணக்கேடும் உண்டு, விற்கிறவர்கள் அதைச் சொல்லமாட்டார்கள். நாலு சில்லு நிலத்தில் ஒரு பெட்டியை வரைகிறது, மூன்று சில்லு முக்கோணத்தை வரைகிறது. முக்கோணத்தின் முன்பக்கத்தில் அகலமே இல்லை. பிள்ளை முன்னுக்கும் பக்கவாட்டுக்கும் சேர்த்துச் சரிந்து எட்டிப் பார்க்கிற நேரம், அல்லது வேகமாகத் திருப்புகிற நேரம், பாரம் அந்த முக்கோணத்தின் ஓரத்தைத் தாண்டினால் வண்டில் பக்கவாட்டில் சாயும். ஆகவே பின் சில்லுகள் இரண்டுக்கும் இடையிலான அகலம் முக்கியம், இருக்கை தாழ்வாக இருப்பது முக்கியம், கைபிடியில் மரக்கறிப் பையைத் தொங்கவிடாமல் இருப்பது அதைவிட முக்கியம். அகலம் கூடினால் வேறொரு கரைச்சல் வரும். எங்கள் வீடு பழைய வீடு, முன்கதவு இரட்டைக் கதவு, ஒரு பக்கம் எப்போதும் கொண்டி போட்டபடிதான் இருக்கும். நான் அளவுநாடாவோடு திரிந்ததைப் பார்த்த அம்மா, "கதவை மாத்தப்போறியோ, பிள்ளையை மாத்தப்போறியோ?" என்று கேட்டார். கடைசியில் மற்றக் கதவின் கொண்டியையும் நீக்கி எண்ணெய் விட்டாயிற்று.

எனக்குத் தோதானதாகப் பட்டது ஒருவர் பாவித்து விற்ற வண்டில். அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்து ஊரில் தங்கிவிட்ட சாமான்தான். பின்னால் 12 அங்குலக் காற்றடிக்கிற சில்லு, முன்னால் அதைவிடக் கொஞ்சம் சின்னதாகச் சுழல்கிற ஒற்றைச் சில்லு. விற்கிறவரிடம் ஒருநாள் தவணை வாங்கி, கோண்டாவிலில் எங்கள் சைக்கிள்களைப் பார்க்கிற அண்ணையிடம் கொண்டுபோனேன். இணையத்தில் நான் வாசித்த மதிப்பீடுகள் எல்லாம் துணியின் நிறத்தையும் கோப்பை வைக்கிற வளையத்தையும் பற்றிப் பேசின. அண்ணை வண்டிலைக் கண்டதும் தலைகீழாகக் கவிழ்த்தார். சில்லை ஒவ்வொன்றாகச் சுற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுத்தார்.

"தங்கச்சி, பெயாரிங் நல்லாயிருக்கு. முன் சில்லு சுத்துற சில்லு, தார் ரோட்டில நல்லம். மண்ணில இது தன்ர எண்ணத்துக்கு இழுக்கும். பூட்டு இருக்கோ எண்டு பாப்பம்." அச்சுக்கு மேல் இருந்த சின்னக் குமிழைத் திருகினார், சில்லு நேராகப் பூட்டிக்கொண்டது. "இது இருக்கெண்டாத்தான் வாங்குங்கோ. பூட்டினா நேர போகும். திருப்போணுமெண்டா பின்னால அமத்தி முன்னைத் தூக்கித் திருப்புங்கோ, சில்லோட மல்லுக்கட்டாதேங்கோ." சுழல்கிற சில்லைப் பூட்டாமல் வேகமாகத் தள்ளினால் அது இடமும் வலமும் படபடவென்று அடிக்கத் தொடங்கும் என்றும், அந்த நேரம் கல்லொன்றில் பட்டால் குறுக்கே திரும்பி வண்டிலைக் கவிழ்க்கும் என்றும் சொன்னார். ஓட்டத்துக்கென்றே செய்த வண்டில்களில் முன் சில்லு ஏன் நிலையாகப் பூட்டியே வருகிறது என்பதற்கு எந்த மதிப்பீட்டிலும் இவ்வளவு தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

பிறகு வால்வ். நான் கவனிக்கவேயில்லை. எங்கள் சைக்கிள் ரியூப்பின் வால்வ் வேறு, இதிலிருந்தது மோட்டச்சைக்கிளுக்கும் காருக்கும் வருகிற தடித்த வால்வ். அண்ணையின் கைப்பம்ப் அதற்குப் பிடிக்காது. "ரயர்க் கடையில கொம்பிரசரில அடிக்கலாம். ஆனா பக்கத்தில நில்லுங்கோ. அவங்கள் மோட்டச்சைக்கிளெண்டு நினைச்சு ஒரே அடியா அடிச்சுவிட்டா உந்தச் சின்ன ரயர் தாங்காது, கரையில எழுதியிருக்கிற அளவுக்கு மேல விடாதேங்கோ." ரியூப் கிடைக்குமா என்று கேட்டேன். ரயரின் பக்கத்தைத் தேய்த்துத் துடைத்துக் காட்டினார், 12½ × 2¼. சின்னப் பிள்ளைகளின் 12 அங்குலச் சைக்கிளுக்கு வருகிற அதே அளவு, எங்கும் வாங்கலாம். ஒட்டுப்போடுவதும் அதே ஒட்டுத்தான். காற்றில்லாத நுரை ரப்பர்ச் சில்லு வாங்கினால் இந்த ஒட்டு வேலையே இல்லையே என்று கேட்டதற்கு, அவர் எங்கள் ஒழுங்கையின் பெயரைக் கேட்டார். சொன்னேன். "கிளுவை வேலி எத்தினை இருக்கு?" எண்ணிப் பார்த்தால் நிறைய. வேலி வெட்டுகிற காலத்தில் முள் ரோட்டில்தான் கிடக்கும். அதற்கு நுரைச் சில்லு நல்லது என்று ஒத்துக்கொண்டார், ஆனால் கிரவலில் அந்த அடி அவ்வளவும் பிள்ளையின் முதுகுக்குத்தான் போகும் என்றார். "முள்ளுக் குத்தினா நான் ஒட்டித்தருவன். முதுகுக்கு ஒட்டுப்போட என்னட்டச் சாமான் இல்லை." எனக்கு அது போதுமாக இருந்தது. கூலி கேட்டேன், வேண்டமாட்டேன் என்றுவிட்டார்.

அம்மாவின் ஓட்டம்

அன்று பின்னேரம் விறாந்தையில் வண்டிலை வைத்து, அம்மாவுக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினேன். கொஞ்சம் உற்சாகம் கூடித்தான் இருந்தது. இந்தப் பெரிய சில்லு மூன்று சில்லு வண்டில் எங்கே தொடங்கியது என்று சொன்னேன். அமெரிக்காவில், வொஷிங்டன் மாநிலத்தில், யாக்கிமா என்ற ஊர். ஃபில் பேக்லர் என்ற பத்திரிகைக்காரர் ஓடுகிற பழக்கம் உள்ளவர். மகன் பிறந்த பிறகு ஓட நேரமில்லை. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஓடினால் என்ன என்று, பழைய பிள்ளை வண்டில் ஒன்றுக்குச் சைக்கிள் சில்லுகளைப் பூட்டினார். 1984 இல் அது ஒரு வியாபாரமானது. அங்கேயிருந்துதான் உலகம் முழுக்கப் போனது.

"ஓடுறதுக்கோ?" என்று கேட்டார் அம்மா.

"ஓம். பிள்ளையை இதில வைச்சுத் தள்ளிக்கொண்டு ஓடுறது. உடம்புக்கு நல்லம்."

அம்மா வண்டிலுக்குக் கிட்ட வந்து குனிந்து பட்டிகளைப் பார்த்தார். ஐந்து பட்டி. தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, காலிடுக்கால் ஒன்று. எல்லாம் நடுவில் ஒரு பூட்டில் வந்து சேர்கின்றன. பூட்டின் பொத்தானை அமத்திப் பார்த்தார். இறுக்கம். இரண்டு பெருவிரலையும் வைத்து அமத்தினார், கழன்றது. திரும்பப் பூட்டினார். திரும்பக் கழற்றினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "இதுக்குள்ளயிருந்து பிள்ளையை எப்பிடி அள்ளிக்கொண்டு ஓடுறது?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் எனக்கு வாய் அடைத்துப்போய்விட்டது. யாக்கிமாக்காரர் ஓடியதும் ஓட்டம்தான், அம்மா சொன்னதும் ஓட்டம்தான்.

1995 இல் நான் கைப்பிள்ளை. அப்போது எங்கள் வீட்டு முற்றத்து மாமரத்துக்குக் கீழே பங்கர் இருந்தது. பொம்பர் இரையிற சத்தம் கேட்டால் ஏணையிலிருந்து என்னை இரண்டு கையாலும் ஒரே அள்ளாக அள்ளிக்கொண்டு விறாந்தைப் படியால் பாய்ந்து அங்கே போய் இறங்குவாராம். இதை அம்மா ஒரு சாகசமாகச் சொன்னதில்லை. ஏணைக்குப் புடவை தெரிகிறதைப் பற்றிய கதைக்குள் இடையில் வந்துபோகிற சங்கதி அது. நைந்த புடவையில் ஏணை கட்டக்கூடாது, முடிச்சுக் கையில் சிக்கக்கூடாது, அவ்வளவுதான். சண்டை நெருங்கி, அந்த ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாண நகரமும் சுற்றூர்களும் சேர்ந்த வலிகாமமே வெளிக்கிட்டுக் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தபோது ஓடவும் முடியவில்லை, செம்மணி வழியிலும் நாவற்குழிப் பாலத்திலும் சனத்துக்கு நடுவில் மழைக்குள் அங்குலம் அங்குலமாக நகரத்தான் முடிந்தது. அப்பா சைக்கிளை உருட்டினார், அதில் அரிசியும் தையல் மெசின் தலையும். பிள்ளை அம்மாவின் இடுப்பில். சைக்கிளில் இடமிருந்தும் பிள்ளையை அதில் வைக்கவில்லை. "சாமான் வேறை, பிள்ளை வேறை" என்று அம்மா சொல்லுவார். கீரைச் சுளகுக்கு முன்னால் இருந்து அவர் கேட்ட கேள்வி இங்கேயிருந்துதான் வந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இப்ப சண்டை இல்லைத்தானே அம்மா" என்று சொல்லலாம். நான் சொல்லவில்லை. பட்டி வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. மூன்று சில்லு வண்டிலில் பட்டி கட்டாத பிள்ளை, சரிகிற நேரம் முதலில் வெளியே விழுகிற பிள்ளை. அந்தப் பூட்டு இறுக்கமாக இருப்பதும் தற்செயல் இல்லை. பிள்ளை தன் கையால் கழற்றிவிடக்கூடாது என்று வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். அதாவது உள்ளே இருக்கிற கைக்குக் கழலக்கூடாது, வெளியே இருந்து வருகிற கைக்கு உடனே கழலவேண்டும். இரண்டும் ஒரே பொத்தானில். அதைச் செய்கிற எஞ்சினியருக்கும் அம்மாவுக்கும் இடையில் உண்மையில் பெரிய பகை ஒன்றும் இல்லை.

அதன் பிறகு நான் வண்டில் பார்க்கிற விதமே மாறிவிட்டது. சில்லு, வால்வ், அகலம் எல்லாம் சரியாக இருந்தும் அந்த வண்டிலைத் திருப்பிக் கொடுத்தேன். பூட்டுக்கு இரண்டு பெருவிரல் வேண்டியிருந்தது, அம்மாவின் மற்றக் கையில் அநேகமாகக் குடை இருக்கும். விற்றவர், "துணி பிடிக்கேல்லையோ?" என்று கேட்டார். பூட்டுப் பிடிக்கவில்லை என்றேன். அவருக்கு விளங்கியிருக்காது. இன்னும் சிலதைப் பார்த்தோம், அம்மாவும் கூட வந்தார். விற்கிறவர்கள் மடித்துக் காட்டுவார்கள், கூரையை விரித்துக் காட்டுவார்கள், அம்மா நேரே போய்ப் பூட்டில் கையை வைப்பார். கடைசியில் எடுத்தது கொஞ்சம் பழசு, நிறமும் வெளிறியது. ஆனால் நடுவில் ஒற்றைப் பொத்தான், ஒரு பெருவிரலை நன்றாக ஊன்றி அமத்தினால் ஐந்து பட்டியும் ஒருமிக்கக் கழன்று விழுகிறது. கைபிடியில் மணிக்கட்டில் கொளுவுகிற ஒரு பட்டியும் இருக்கிறது, வண்டில் கைதவறி ஓடிவிடாமல் இருக்க. சாய்வே இல்லாத ஊரில் அது எதற்கு என்று நான் நினைத்தேன். அம்மா முதலில் எடுத்து மாட்டிக்கொண்டது அதைத்தான்.

முகம்

ஒரு குறை தீரவில்லை. மூன்று சில்லு வண்டில்களில் பெரும்பாலும் பிள்ளை ரோட்டைப் பார்த்துத்தான் இருக்கும். தள்ளுகிறவரின் முகம் அதற்குத் தெரியாது. 2008 இல் ஸ்கொட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுசான் சீடிக் இதைப் பற்றி ஒரு ஆய்வு செய்தார். முகம் பார்த்து இருக்கிற வண்டிலில் தாய்மார் பிள்ளையோடு கூடுதலாகக் கதைக்கிறார்கள் என்று அதில் தெரிந்தது. அம்மா அந்த ஆய்வைப் படிக்காமலே, "முகம் தெரியாம என்னண்டு கதைக்கிறது?" என்று கேட்டுவிட்டார். இடுப்பில் இருக்கிற பிள்ளைக்கு அம்மம்மாவின் வாய் காதுக்குப் பக்கத்தில். வேலியில் ஓணான் போனாலும், ஆட்டுக்குக் குழை ஒடிக்கிறவரைக் கண்டாலும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை ஓடும். வண்டிலில் அது அறுந்துவிடுகிறது. முகம் பார்க்கிற வண்டில்கள் இருக்கின்றன, ஆனால் நான் பார்த்த அளவில் அவற்றின் சில்லு எங்கள் ஒழுங்கைக்கு ஆகாது. மண்ணா முகமா என்று வந்தபோது மண்ணைத் தெரிந்தேன், அதில் எனக்கு இன்றைக்கும் மனநிறைவு இல்லை. இப்போது அம்மா சத்தமாகக் கதைத்துக்கொண்டு தள்ளுகிறார். பிள்ளையோடு கதைப்பது ஒழுங்கை முழுக்கக் கேட்கும். மதிலுக்கு மேலால் பதில் சொல்கிறவர்களும் உண்டு.

வெயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் பிள்ளை வண்டில் கண்டவுடன் எல்லோரும் செய்கிற முதல் வேலை அதற்கு மேல் ஒரு துவாயைப் போடுவதுதான். போடாதீர்கள். மெல்லிய துணி என்றாலும் காற்றோட்டம் நின்று உள்ளே வெக்கை ஏறும், வெளியில் இருக்கிற உங்களுக்குத் தெரியாது. கூரையை விரியுங்கள், போதாவிட்டால் குடை பிடியுங்கள், அதுவும் போதாத வெயிலென்றால் வீட்டில் நில்லுங்கள். நுளம்பு வலை வேறு விஷயம், அதில் காற்றுப் போகும். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கிறது, அதிலும் காலையிலும் பொழுது சாய்கிற நேரத்திலும் மோசம். நாங்கள் வெளியே போகிறதும் அந்த நேரங்களில்தான். இன்னொன்று, ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளையை நிமிர்ந்த இருக்கையில் வைத்துத் தள்ளக்கூடாது, முதுகு தட்டையாகப் படுக்கிற வண்டில் வேண்டும். கழுத்து நிற்காத பிள்ளையோடு இந்தக் கிரவலில் ஓட்டமும் வேண்டாம். எங்கள் வீட்டில் ஓடுகிற ஆள் இல்லை, அதனால் அந்தப் பயம் இல்லை.

வாங்கிய பிறகும் எல்லாத் தூரத்துக்கும் அது ஆகவில்லை. மாரியில் ஒழுங்கை வெள்ளத்துக்குள் போனால் வண்டில் விறாந்தையில்தான். பலாலி வீதியைக் குறுக்கே கடக்கும்போது அம்மா பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறார், வெறும் வண்டிலைத் தள்ளிக்கொண்டு கடக்கிறார், மறுபக்கம் போய்த் திரும்ப வைக்கிறார். நான் இருந்தால் வண்டிலோடு கடப்பேன். அவர் அப்படிச் செய்வதை நிறுத்தச் சொல்லி நான் கேட்டதில்லை. கிளினிக்கில் நிறை பார்க்கப் போனபோது இரண்டு இளம் தாய்மார் வண்டிலைச் சுற்றிவந்து பார்த்தார்கள். ஒருத்தி விலை கேட்டாள். மற்றவள் மாமியார் என்ன சொல்லுவா என்று கேட்டாள். மாமியாருக்கு எது முக்கியமென்று முதலில் கேளுங்கள் என்றுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.

இதை வெளிநாட்டிலிருந்து வாசிக்கிற அண்ணா அக்காமாருக்கு ஒரு விண்ணப்பம். ஓகஸ்டில் வரும்போது பிள்ளைக்கு வண்டில் கொண்டுவந்து, போகும்போது ஊரில் யாருக்காவது விட்டுவிட்டுப் போகிற எண்ணம் இருந்தால், குடை மடிப்பு வேண்டாம். காற்றடிக்கிற பெரிய சில்லு, முன் சில்லுக்குப் பூட்டு, ஒரு விரலில் கழல்கிற பட்டி, இவை இருக்கிறதாகப் பாருங்கள். மழை உறையை அங்கேயே விட்டுவிட்டு நுளம்பு வலையைக் கொண்டுவாருங்கள். பெட்டியில் இடமிருந்தால் இரண்டு ரியூப்பும் வையுங்கள், வால்வ் வளைந்து வருகிற வகை. ரியூப்பின் அளவு இங்கே கிடைக்கிறது, ஆனால் நேர் வால்வ் என்றால் அந்தச் சின்னச் சில்லுக் கம்பிகளுக்கு நடுவில் பம்பின் வாயை நுழைக்க இடம் காணாது. சைக்கிள் கடை அண்ணை சொல்லிவிட்டது.